டிரம்மின் அடிக்கதவு

அக்டோபர் 7, செவ்வாய்

சரக்கு லாரி இரண்டு மணி நேரம் தாமதம். டிரைவர் இறங்கியதும் என்னைக் கேட்கவில்லை, "உங்க மேனேஜர் எங்கண்ணே?" என்றுதான் கேட்டான். மேனேஜர் என்றால் எங்கள் தீவனக் கடைப் பூனை. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவனையெல்லாம் ஏற இறங்கப் பார்க்கும். அதனால் தராசில் நிற்கும் எடைக்கார அக்கா வைத்த பட்டம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்து தானாக வேலைக்குச் சேர்ந்தது. சம்பளம் இல்லை, தீனி மட்டும். அது வந்த பிறகு இந்தக் கடையில் எலி ஓட்டை போட்ட மூட்டை ஒன்றுகூடக் கிடையாது.

பூனைத் தீனி டிரம் ஒரு சாண் இறங்கியிருந்தது. புது மூட்டையைப் பிரித்து மேலே கொட்டி விளிம்பு தட்ட வைத்தோம். டிரம் என்றைக்கும் நிறைந்து நிற்க வேண்டும், அது என் கடைச் சட்டம். நடைபாதையில் சாக்கு விரித்து விற்ற காலத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. குவியல் குறைந்தால் எவனும் நிற்க மாட்டான். மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறான் என்று நினைப்பான்.

உருண்டைகள் ஒன்றோடொன்று உரசி உதிரும் தூள் அடியில் தங்கும். அதை எடுக்க டிரம்மின் கீழ்ப்பக்கம் நானே தகரம் வெட்டி ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறேன். தூளை விற்க முடியாது, வீசவும் மனசு வராது. தினமும் காலையில் ஒரு கைப்பிடி மேனேஜருக்கு. சரக்கும் வீணாகாது, பூனையும் பட்டினி கிடக்காது.

இன்று அது தட்டில் பாதியை வைத்துவிட்டது. "பெரிய இடத்துல விருந்து போல" என்றேன். அக்கா சிரித்தாள்.

அக்டோபர் 8, புதன்

மேனேஜர் இரண்டு முறை வாந்தி. மஞ்சள் நுரை. முடியை நக்கி விழுங்கியிருக்கும், பூனைக்கு இது சகஜம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

பத்து மணிக்குத் தீனிக் கம்பெனி ஏஜெண்டிடமிருந்து போன். "அண்ணே, பதட்டப்படாதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் பதறத்தான் வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் தெரியாதா எனக்கு?

ஒரு பேட்ச் தீனியில் பூஞ்சை நஞ்சு இருக்கலாமாம். மக்காச்சோளத்தோடு வந்ததாம். "நம்பர் சொல்றேன், குறிச்சுக்குங்க. மூட்டைத் தையல்ல ஒரு சீட்டு இருக்கும் பாருங்க, அதுல போட்டிருக்கும்."

குறித்துக்கொண்டேன். மூட்டை எங்கே? பிரித்த மூட்டையைச் சாயங்காலமே சாக்கு வியாபாரி எடுத்துப் போய்விடுகிறான். தீனி டிரம்மில். போன மூட்டைமேல் இந்த மூட்டை, அதற்கு முந்தின மூட்டைமேல் போன மூட்டை. எது எது என்று கடவுளுக்கே தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் மேசையில் இல்லை. சிமெண்டுத் தரையில் வயிறு ஒட்டப் படுத்திருந்தது. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பியது.

அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினேன். சின்ன வயசு, ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் வரி அதிகாரி மாதிரி. என்ன சாப்பிட்டது? எப்போதிருந்து? எவ்வளவு? எந்த பேட்ச்?

"தெரியலைம்மா."

"அந்தத் தீனியில கொஞ்சம் எடுத்துட்டு வந்தீங்களா?"

"இல்லைம்மா."

"என்னங்க, நீங்கதானே அதை விக்கறீங்க?"

என்னிடம் கிலோ வாங்குகிறவன்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவள் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதுகிறேன். அந்தத் தீனி இனி ஒரு உருண்டை கூடாது. மிச்சத்தை வீசக் கூடாது, கட்டி, தேதி எழுதி, தனியாக வைக்க வேண்டும், சோதனைக்கு அதுதான் சாட்சி. தட்டு, தண்ணீர்க் கிண்ணம், அள்ளும் கரண்டி எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வீட்டில் செய்யக் கூடாது. பால் கூடாது. ஈறும் கண்ணும் மஞ்சளாகிறதா என்று பார்க்க வேண்டும். அதே தீனி தின்ற வேறு பூனைகள் இருந்தால் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

கடைசி வரியில் அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"மருந்து குடுத்துருங்கம்மா. இங்க இல்லேன்னா எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, நான் வரவழைச்சிடறேன்."

"இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு இல்லை. கல்லீரலைத் தாங்கிப் பிடிக்கலாம், தண்ணி ஏத்தலாம். மிச்சம் அது கையில."

இல்லாத சரக்கு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை நான் நம்பியதே இல்லை. எங்காவது, எவனிடமாவது இருக்கும். கேட்கிற விதத்தில் கேட்டால் வரும். இதற்கு இல்லையாம்.

அக்டோபர் 10, வெள்ளி

இரத்தப் பரிசோதனை வந்தது. கல்லீரல் எண்கள் எகிறியிருக்கின்றன. டாக்டரம்மா பூனையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் எடைக்கார அக்கா ஒரு நூல்பந்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நடைபாதைக் காலத்திலிருந்து என்னோடு இருப்பவள், என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். மூட்டை பிரிக்கும்போது உருவும் தையல் நூலை அவள் வீசுவதில்லை. பொட்டலம் கட்ட ஆகும் என்று சுற்றிச் சுற்றி வைப்பாள். "சீட்டைக் கிழிக்க எனக்கு ஏது தம்பி நேரம்? அப்படியே சேத்துச் சுத்திருவேன்" என்றாள்.

பிரித்தோம். கடைசி மூன்று மூட்டையின் சீட்டுகளும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி போட்டு, போடாமல், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூன்று முறை பார்த்தேன். கம்பெனிக்காரன் சொன்ன நம்பர் அதில் இல்லை. ஒன்றில்கூட இல்லை!

அப்போதுதான் டெய்லரம்மா வந்தாள். வாரம் ஒரு கிலோ அவள் வீட்டுப் பூனைக்கு. பேச்சில் ஊசி இருக்கும், தொழில் அப்படி. "என்ன கடைக்காரரே, மேனேஜர் லீவா? தீனியில விஷம்னு தெருவெல்லாம் பேச்சு?"

"நம்ம சரக்கு அந்த பேட்ச் இல்லைம்மா. சுத்தம். சீட்டே இருக்கு பாருங்க" என்று நூலோடு தூக்கிக் காட்டினேன். அவள் ஒரு கிலோ வாங்கிப் போனாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சந்தோஷம். அப்போ அது வேற என்ன சாப்பிட்டுச்சு?"

"ஒண்ணுமில்லைம்மா. இதேதான்."

"தெரியிற வரைக்கும் அந்தத் தீனியை விக்காதீங்க."

சரி என்றேன். கடை மூடும்வரை விற்றேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இந்த நோட்டு எதற்கு? விற்றேன்.

அக்டோபர் 11, சனி

கண் மஞ்சளாகிவிட்டது.

முன்னங்காலில் முடி மழித்து ஊசி. மெல்லிய குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கூண்டுக்குள் கையை விட்டுத் தலையைத் தடவினேன். தோல் தளர்ந்து எலும்பு தட்டுகிறது. ஐந்து நாளிலா? போன வாரம்வரை மூட்டைமேல் மூட்டையாக ஏறிக் கூரைவரை போனவன்.

"நீங்க போய் கடையைப் பாருங்கய்யா, இங்க நின்னு என்ன ஆகப்போகுது" என்றாள் உதவிப் பெண். நியாயம்தான். என்ன ஆகப்போகிறது? அவளிடம் மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது, தெர்மாமீட்டர் இருக்கிறது. என்னிடம் இரண்டு கை இருக்கிறது. அதற்கு அங்கே வேலை இல்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு மணி நேரம். எதற்கு நின்றேன்? தெரியவில்லை. என் வாழ்க்கையில் சும்மா நின்ற ஒரு மணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அது நம்ம கடையைத் தவிர வேற எங்கயும் போய்ச் சாப்பிடாதேங்க?"

சாப்பிடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

கடை விடுமுறை. அக்காவை வரச் சொன்னேன். டிரம்மைக் காலி செய்தோம்.

ஒன்பது வருஷமாக அந்த டிரம்மின் அடியை யாரும் பார்த்ததில்லை. அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே பாதிவரை மணமான நல்ல உருண்டை. அதற்கடியில் நிறம் மங்கியது. அதற்கும் அடியில் தூள். கரண்டி ஓர் இடத்தில் 'டொக்' என்று நின்றது. தகரம் என்று நினைத்தேன். தகரமில்லை. உட்சுவரை ஒட்டி, உள்ளங்கை தடிமனுக்கு, கருப்பும் பச்சையுமாகக் கட்டி பிடித்துக் கிடந்தது. நனைந்த சுவர் மாதிரி வாடை. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

போன மாதம் மழைத்தண்ணீர் கடைக்குள் கணுக்கால்வரை நின்றது. மூட்டைகளையெல்லாம் தூக்கிப் பலகைமேல் வைத்தோம். டிரம்மை மட்டும் தொடவில்லை. நிறைந்த டிரம்மை யார் தூக்குவது? டிரம்முக்கு என்ன, தகரம்தானே என்றேன். தகரத்தில் ஓட்டை போட்டு அடிக்கதவு வைத்தவன் யார்?

கட்டி அந்தக் கதவுக்கு நேர் மேலே. அதிலிருந்து உதிர்வதுதான் கதவு வழியாக வரும்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் சொன்னாள், மெதுவாக: "ஊருக்கெல்லாம் மேல இருந்து அள்ளிப் போட்டோம் தம்பி. கீழ இருந்து போனது அவன் ஒருத்தனுக்குத்தான்."

தெரியுதுக்கா. எனக்குத் தெரியுது. என் கையாலதான் போட்டேன். தினம் ஒரு கைப்பிடி. சாப்பிடுடா சாப்பிடுடான்னு முதுகுல தட்டி வேற —

அக்டோபர் 13, திங்கள்

மேலிருந்து ஒரு பொட்டலம், அடியிலிருந்து ஒரு பொட்டலம். இரண்டையும் ஒட்டி, தேதி எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். சோதனைக்கு அனுப்புகிறாள். முடிவு வரப் பத்து நாளாகும். போனில் எடுத்திருந்த கட்டியின் படத்தைப் பார்த்தவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடைக்கு மச்சான் வந்தான். விஷயம் கேட்டதும் அவன் மூளை வேலை செய்தது: "மாமா, தெய்வமாப் பாத்து கம்பெனிக்காரன் அறிவிப்பு குடுத்திருக்கான். அந்த பேட்ச்னு சொல்லிட்டுப் போயிடுங்க. எவன் நூல்பந்தைப் பிரிச்சுப் பாக்கப் போறான்?"

நல்ல யோசனை. நான் முதலில் யோசித்ததும் அதைத்தான், மறைக்க என்ன இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் செய்துமிருப்பேன். ஆனால் கம்பெனி பேட்ச் என்று சொன்னால், அந்த மூட்டை வருவதற்கு முன் வாங்கியவள் கவலைப்படாமல் தூளைத் தட்டில் கொட்டுவாள். பையின் அடியில் கொஞ்சம் தூள் எல்லோருக்கும்தானே போயிருக்கும்?

அட்டையில் எழுதினேன்: 'இங்கே பூனைத் தீனி வாங்கியவர்கள் அதைக் கொடுக்க வேண்டாம். மிச்சத்தைக் கட்டி எடுத்து வாருங்கள். பூனை சாப்பிடாவிட்டால், வாந்தி எடுத்தால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தவறு கம்பெனியுடையது அல்ல, டிரம்முடையது.'

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "டிரம் என்ன தம்பி தப்பு பண்ணுச்சு? அது பாட்டுக்கு நின்னுச்சு."

'டிரம்முடையது' என்பதை அடித்துவிட்டுக் 'கடையுடையது' என்று எழுதினேன். அவள் அப்படியே நின்றாள். கடையையும் அடித்துவிட்டு 'என்னுடையது' என்று எழுதினேன். அடித்தல் திருத்தலோடு அசிங்கமாக இருந்தது. வேறு அட்டை எடுக்கவில்லை, மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

டெய்லரம்மா அட்டையின் முன்னால் நின்று முழுக்கப் படித்தாள். உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை சுத்தம்னீங்க."

"சொன்னேன்."

"சீட்டெல்லாம் காட்டினீங்க."

"காட்டினேன்."

"நான் ஒரு துணியை அளவு தப்பா வெட்டினா, துணிக்காரன்மேல பழி போடலாம், ஒட்டுப் போட்டு மறைக்கலாம், இல்ல வாங்கிக் குடுத்துடலாம். பூனையை என்ன பண்ணுவீங்க?"

அவள் பூனை நன்றாகத்தான் விளையாடுகிறதாம். இருந்தாலும் இரத்தம் பார்த்துவிடுங்கள், டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். போகும்போது வாசலில் திரும்பி, "மேனேஜர் எப்படி இருக்கான்?" என்றாள். உதட்டைப் பிதுக்கினேன்.

இன்று பதினொரு பேர் பை கொண்டுவந்தார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே போனவர்களும் உண்டு. தவிடு வாங்க வந்தவன்கூடத் தவிட்டை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான்.

அக்டோபர் 15, புதன்

அவன் தானாக வாய் திறந்து சாப்பிட்டு ஏழு நாள்.

அக்டோபர் 17, வெள்ளி

டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னாள். பூனை பட்டினி கிடந்தால் அந்தப் பட்டினியே கல்லீரலைக் கெடுக்குமாம். நஞ்சு ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம். நேற்றிலிருந்து கழுத்தில் குழாய் வைத்து, கூழாகக் கரைத்த உணவை நான்கு வேளை ஏற்றுகிறார்கள்.

"பிழைக்குமா?"

"தெரியலைங்க."

"நூத்துக்கு எவ்வளவும்மா? உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க."

"எண் சொன்னா நீங்க அதைப் பிடிச்சுக்குவீங்க. சொல்ல மாட்டேன்."

நான் எப்படிப்பட்ட ஆள் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

எதிரில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேசத் தெரியும். விட்டுக்கொடுப்பேன், பிடித்து இழுப்பேன், எழுந்து போவதுபோல் நடிப்பேன். இங்கே எதிரில் யார் இருக்கிறார்கள்? ஒரு கட்டி. அதையும் நான்தான் வளர்த்தேன். சாயங்காலம் கூண்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உதவிப் பெண் இப்போதெல்லாம் போகச் சொல்வதில்லை, நாற்காலியை அவளே எடுத்துப் போடுகிறாள். அது நல்லதா கெட்டதா?

அக்டோபர் 18, சனி

அப்படியேதான்.

அக்டோபர் 20, திங்கள்

அக்காவும் வந்தாள். கிண்ணத்தில் இருந்த கூழை விரலில் தொட்டு அவன் மூக்குக்கு முன்னால் காட்டினாள். ரொம்ப நேரம் காட்டிக்கொண்டே இருந்தாள். நாக்கு வெளியே வந்தது. ஒரு முறை நக்கினான். பிறகு இன்னொரு முறை.

அக்கா அழுதுவிட்டாள். நான் அவசரமாக என் விரலைத் தோய்த்து நீட்டினேன். முகர்ந்தான். முகத்தைக் கூண்டின் மூலைக்குத் திருப்பிக்கொண்டான்.

களைப்பு. அவ்வளவுதான். களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 24, வெள்ளி

சோதனை முடிவு. மேல் பொட்டலத்தில் நஞ்சு இல்லை. அடிப் பொட்டலத்தில் இருக்கலாம் என்கிற அளவைவிட எத்தனையோ மடங்கு. டெய்லரம்மா பூனை உட்படப் பரிசோதித்த நான்கு பூனைக்கும் ஒன்றுமில்லை.

"நல்ல சேதிதானேங்க?" என்றாள் மனைவி. நல்ல சேதிதான். ஊரில் உள்ள பூனைக்கெல்லாம் நல்ல சரக்கைக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

மேனேஜர் கடைக்கு வந்துவிட்டான். கழுத்துக் குழாய் எடுத்தாயிற்று. கண்ணில் மஞ்சள் இல்லை. பாதி எடைதான் இருக்கிறான். மேசைமேல் தாவ முடியவில்லை, அக்கா ஒரு பெட்டியைப் படி மாதிரி போட்டாள். ஏறி உட்கார்ந்தான். லாரி டிரைவர் வாசலிலேயே நின்று ஒரு சல்யூட் வைத்தான்.

டாக்டரம்மா சொன்ன தீனியைத் தட்டில் போட்டு வைத்தேன். தட்டு புதுசு, தீனி புதுசு. எழுந்து பெட்டி வழியாக இறங்கி, தராசுக்குப் பின்னால் போய்விட்டான். அக்கா அதே தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிட்டான்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வயித்தைப் புரட்டின தீனி எந்தக் கையில வந்துச்சோ அந்தக் கையைப் பூனை மறக்காது. கோவம்னு நினைக்காதீங்க, பயம்" என்றாள்.

"எப்ப போகும்?"

"சிலதுக்குப் போகும்."

நவம்பர் 9, ஞாயிறு

சாப்பிடுகிறான். அக்கா கையில். அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை. இன்று காலை டெய்லரம்மா வந்து வைத்துவிட்டுப் போனாள். "உங்க கடையில எனக்கும் ஒரு வேலை குடுத்துட்டான் உங்க மேனேஜர்" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

டிரம் பின்வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. இனி மூட்டையைப் பிரிப்பதில்லை. கம்பெனி கட்டிய சின்னப் பைதான், சீட்டோடு. இருக்கிறதை அடுக்குகிறேன். தீர்ந்தால் அலமாரி காலியாக நிற்கிறது. வந்தவன் பார்த்துவிட்டு, "என்ன, கடையில ஒண்ணுமில்லையா?" என்கிறான். ஆமாம், வியாழக்கிழமை வரும் என்கிறேன்.

அக்காவுக்கு விடுமுறை. டெய்லரம்மா ஊரில் இல்லை. காலையில் நான் மட்டும்தான்.

மேசைமேல் தட்டை வைத்தேன். தராசுக்குப் பின்னாலிருந்து பார்த்தான், வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றேன். வரவில்லை. வாசலுக்கே போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றேன். எதிர்க்கடைக்காரன் என்னண்ணே என்று சைகையில் கேட்டான். பேசாதே என்று கையைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெட்டியில் நகம் பட்ட சத்தம். பிறகு தட்டில், கறுக். நின்றது. மறுபடி கறுக், கறுக்.

நான் திரும்பவில்லை.